சொட்டாத ஓட்டை

டீசல் எஞ்சினின் நோயும் பாயில் விதியும்

வத்தலக்குண்டு பேருந்து நிலையத்தில் அரை மணி நேரம் நின்றால் போதும், டீசல் எஞ்சின்களின் கச்சேரியே கேட்கலாம். மதுரைக்கும் திண்டுக்கல்லுக்கும் பெரியகுளத்துக்கும் போகும் பேருந்துகள் உறுமிக்கொண்டு புறப்படும். அவற்றுக்கு நடுவே கொடைக்கானல் பேருந்து மட்டும் சற்று அடக்கமாக நிற்கும். ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரம் ஏறவேண்டிய எஞ்சின் அல்லவா அது!

நான் ஒன்பதாம் வகுப்பு முடித்திருந்த கோடை விடுமுறை. 1990களின் தொடக்கம். பாட்டியுடன் அந்தப் பேருந்தில் ஏறினேன். மலையில் அத்தைக்குக் குழந்தை பிறந்திருந்தது. பாட்டியின் மடியில் பிரசவ லேகியம் அடைத்த தூக்குச்சட்டி. காட்ரோடு வரை சமவெளி. பேருந்து சிட்டாகப் பறந்தது. ஏற்றம் தொடங்கியதும் இழுவை குறைந்தது. எஞ்சின் திணறியது, விம்மியது, டம்டம் பாறைக்குச் சற்று முன்னால் ஒரு வளைவில் நின்றேவிட்டது.

ஓட்டுநர் இறங்கினார். ஒரு சிறு திருகைத் தளர்த்திவிட்டு, ஒரு குமிழை மேலும் கீழுமாக அழுத்தினார். திருகின் வழியே டீசல் சோப்பு நுரை போலப் பொங்கி வந்தது. சிறிது நேரத்தில் நுரை நின்று, தெளிந்த டீசல் வழிந்தது. திருகை இறுக்கினார். எஞ்சின் ஓடியது. நான்கு வளைவுகள் கடந்தோம். மீண்டும் நின்றது!

"எங்கேயோ டீசல் ஒழுகுது" என்றார் ஒரு பயணி. நானும் குனிந்து பார்த்தேன். குழாய்களில் ஒரு சொட்டு ஈரம்கூட இல்லை.

"ஒழுகவே இல்லையே அண்ணே?" என்றேன்.

"ஒழுகுனாத்தான் நல்லதாப் போச்சே தம்பி, கண்ணுக்குத் தெரிஞ்சிரும். இது உள்ள இழுக்குற ஓட்டை. வெளிய சொட்டாது" என்றார் ஓட்டுநர். தம் பையிலிருந்து துணி துவைக்கும் சவக்காரத் துண்டு ஒன்றை எடுத்து, தண்ணீர் தொட்டுப் பிசைந்து, ஒரு குழாய் இணைப்பைச் சுற்றி அப்பினார். மறுபடி நுரையை வெளியேற்றினார். இருட்டும் நேரத்தில் கொடைக்கானல் போய்ச் சேர்ந்தோம். லேகியமும் போய்ச் சேர்ந்தது.

ஓட்டை இருக்கிறது, ஆனால் சொட்டவில்லை. இது எப்படி? அன்று எனக்கு விளங்கவில்லை. விடை என் பாடப் புத்தகத்திலேயே, காற்றழுத்தம் பற்றிய பாடத்தில் இருந்தது. வாருங்கள், அந்தப் பாடத்தை ஓர் எஞ்சினின் மேல் வைத்துப் படிப்போம்.

டீசல் நடக்கும் பாதை

பெட்ரோல் எஞ்சினில் தீப்பொறி உண்டு. டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. உருளைக்குள் காற்று மட்டும் நுழைகிறது. பிஸ்டன் அதை மிகக் கடுமையாக அழுத்துகிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்ப் சுடுவதை உணர்ந்திருப்பீர்கள். அதேபோல், அழுத்தப்பட்ட காற்று சில நூறு டிகிரிக்குச் சூடேறுகிறது. அந்தச் சூட்டில் டீசலைப் புகை போன்ற நுண்துளிகளாகத் தெளித்தால் அது தானே பற்றிக்கொள்கிறது.

அழுத்தம் மிகுந்த அந்த அறைக்குள் டீசலைத் தெளிக்க, அதைவிடப் பெரிய அழுத்தம் வேண்டும். அதற்காக டீசல் ஒரு நீண்ட பயணம் செய்கிறது. நம் பேருந்து போன்ற பழைய வகை எஞ்சினை எடுத்துக்கொள்வோம்.

பேருந்தின் டாங்க் சட்டத்தின் பக்கவாட்டில், தாழ்வாகத் தொங்குகிறது. அங்கிருந்து டீசலை ஊட்டு பம்ப் மேலே இழுக்கிறது. மெக்கானிக்குகள் இதைப் 'பீட் பம்ப்' என்பார்கள். ஓட்டுநர் அழுத்திய குமிழ் இதன் தலையில்தான் இருக்கிறது. வழியில் கம்பி வலையாலான சிறு சல்லடை ஒன்று பெரிய தூசிகளைத் தடுக்கிறது. ஊட்டு பம்ப் டீசலை ஒன்று அல்லது இரண்டு வளிமண்டல அழுத்தத்தில் வடிகட்டிக்குள் தள்ளுகிறது. அங்கே காகித மடிப்புகளின் வழியே தூய்மையாகி, டீசல் பெரிய பம்ப்பை அடைகிறது. அதிலுள்ள பிளஞ்சர் என்னும் சிறு உலக்கை டீசலைச் சுமார் 200 வளிமண்டல அழுத்தத்துக்கு இடிக்கிறது. தடித்த எஃகுக் குழாய் வழியாக அது 'நாசில்' என்னும் தெளிப்பானை அடைந்து, ஊசித்துளைகள் வழியே உருளைக்குள் சீறுகிறது.

ஒவ்வொரு முறையும் எவ்வளவு டீசல் தெளிக்கப்படுகிறது? தோட்டத்தில் நீர் இறைக்கும் 5 குதிரைத் திறன் எஞ்சினைக் கணக்குக்கு எடுத்துக்கொள்வோம். ஒரு குதிரைத் திறனுக்கு மணிக்கு ஏறக்குறைய 200 கிராம் டீசல் என்றால், 5 குதிரைத் திறனுக்கு 1,000 கிராம். டீசலின் அடர்த்தி சுமார் 0.83. ஆகவே மணிக்கு 1,200 மில்லி லிட்டர். எஞ்சின் நிமிடத்திற்கு 1,500 சுற்று சுற்றுகிறது. நான்கு வீச்சு எஞ்சினில் இரண்டு சுற்றுக்கு ஒரு தெளிப்பு. அதாவது நிமிடத்திற்கு 750, மணிக்கு 45,000 தெளிப்புகள். 1,200ஐ 45,000ஆல் வகுத்தால் 0.027 மில்லி லிட்டர், அதாவது 27 கன மில்லிமீட்டர். கண் மருந்துக் குப்பியிலிருந்து விழும் ஒரு சொட்டில் பாதி!

அந்த அரைச் சொட்டுத்தான் ஓர் ஏக்கருக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறது. அந்த அரைச் சொட்டின் இடத்தில் காற்று புகுந்தால் என்ன ஆகும்?

நண்பனாக வந்த காற்று பகைவனானது

ஒரு வேடிக்கையான செய்தி. ரூடால்ஃப் டீசல் 1897இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் வெற்றிகரமாக ஓட்டிக் காட்டிய எஞ்சினில், எரிபொருளை உருளைக்குள் செலுத்தியதே அழுத்தப்பட்ட காற்றுதான்! காற்றை அழுத்தித் தர ஒரு தனி இயந்திரம் வேண்டியிருந்தது. ஆகவே எஞ்சின் மிகவும் பருத்திருந்தது. வண்டியில் ஏற்ற இயலவில்லை. ராபர்ட் பாஷ் என்பவரின் நிறுவனம் 1927இல் டீசலை நேரடியாக அழுத்தித் தெளிக்கும் பம்ப்பைப் பெருமளவில் செய்யத் தொடங்கிய பிறகே லாரிகளிலும் பேருந்துகளிலும் டீசல் எஞ்சின் பரவியது. நம் நாட்டில் 1951இல் பெங்களூரில் தொடங்கப்பட்ட மைக்கோ நிறுவனம் அத்தகைய பம்ப்புகளைச் செய்தது. 'மைக்கோ பம்ப்' என்ற சொல் பட்டறைகளில் இன்றும் வழங்குகிறது.

இந்தப் புதிய முறையில் காற்று பகைவனாகிவிட்டது. காரணம், திரவத்துக்கும் வாயுவுக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு. 200 வளிமண்டல அழுத்தத்தில் டீசலின் பருமன் நூற்றில் ஒன்றரைப் பங்குகூடக் குறைவதில்லை. ஆகவே பிளஞ்சர் தள்ளியது அப்படியே நாசிலில் வெளிவருகிறது. காற்றோ பஞ்சு போன்றது. வெப்பநிலை மாறாதபோது வாயுவின் அழுத்தமும் பருமனும் எதிர் விகிதத்தில் இருக்கும் என்று 1662இல் ராபர்ட் பாயில் வெளியிட்ட விதியை நீங்கள் அறிவீர்கள்.

பிளஞ்சருக்கு மேலுள்ள அறையில் 60 கன மில்லிமீட்டர் அளவு, அதாவது ஒரு சொட்டளவு காற்றுக் குமிழி சிக்கியிருக்கிறது என்று கொள்வோம். பிளஞ்சர் 27 கன மில்லிமீட்டர் இடத்தை அழுத்திக் குறைக்கிறது. குமிழியின் பருமன் 60இலிருந்து 33 ஆகிறது. அதன் அழுத்தம்?

1 × 60 ÷ 33 = 1.8 வளிமண்டலம்.

நாசில் திறக்க வேண்டுமானால் 200 வேண்டும்; கிடைத்ததோ 1.8! நாசில் எப்படித் திறக்கும்? குமிழி பாதியாக, 30 கன மில்லிமீட்டராக இருந்தாலும் அழுத்தம் 30 ÷ 3, அதாவது 10 வளிமண்டலம்தான். இவ்வளவு வேகமாக அழுத்தும்போது காற்று சூடேறுவதால் உண்மையான அழுத்தம் இதைவிடக் கூடுதலாக இருக்கும். ஆயினும் நாசில் திறக்க அதுவும் போதாது. பிளஞ்சர் கீழே இறங்கும்போது குமிழி பழையபடி விரிந்துகொள்கிறது. பிளஞ்சர் ஆயிரம் முறை இடித்தாலும் குமிழி ஆயிரம் முறை சுருங்கி விரியுமே தவிர, ஒரு துளி டீசலும் தெளிக்கப்படாது. பிள்ளைகள் பலூனை அமுக்கி விளையாடுவது போலத்தான்!

"ஏர் பிடிச்சிருச்சு" என்று மெக்கானிக் சொல்வது இதைத்தான். "ஏர் எடுக்கணும்" என்று திருகைத் தளர்த்திப் பம்ப் அடிப்பது இந்தக் குமிழியை வெளியேற்றுவதற்கே. ஆனால் ஏர் எடுத்தால் மட்டும் நோய் தீராது. காற்று எந்த வழியாக வந்தது என்று கண்டுபிடித்து அடைக்க வேண்டும்.

சொட்டும் ஓட்டை, சொட்டாத ஓட்டை

ஒரு குழாயில் ஓட்டை இருக்கிறது. உள்ளிருப்பது வெளியே போகுமா, வெளியிலிருப்பது உள்ளே வருமா? ஓட்டைக்கு அது தெரியாது! அதை முடிவு செய்வது அழுத்த வேறுபாடு ஒன்றே. உள்ளே அழுத்தம் அதிகமானால் டீசல் வெளியே சொட்டும். வெளியே அழுத்தம் அதிகமானால் காற்று உள்ளே நுழையும்.

இப்போது டீசலின் பாதையை மறுபடி நினைத்துப் பாருங்கள். ஊட்டு பம்ப்புக்குப் பிறகு எங்கும் வளிமண்டலத்தை விட அதிக அழுத்தம். அங்கே ஓட்டை இருந்தால் டீசல் சொட்டும், குழாய் நனைந்திருக்கும், தூசி ஒட்டிக் கறுத்திருக்கும். டாங்கிலிருந்து ஊட்டு பம்ப் வரையுள்ள பகுதியோ உறிஞ்சும் பகுதி. அங்கே அழுத்தம் வளிமண்டலத்தை விடக் குறைவு. டீசலை 60 செ.மீ. மேலே ஏற்றுவதற்கே 0.05 வளிமண்டலம் செலவாகிவிடுகிறது. ஆகவே அங்கே ஓர் இணைப்பு தளர்ந்திருந்தால், ஒரு செம்பு வாஷர் தேய்ந்திருந்தால், ஒரு ரப்பர் குழாய் வெடித்திருந்தால், டீசல் வெளியே வராது. காற்று ஓசையின்றி உள்ளே நுழையும். அதுவே சொட்டாத ஓட்டை.

வத்தலக்குண்டுப் பக்கத்து விவசாயிகளுக்கு இது புதிதல்ல. கிணற்றில் நீர் இறைக்கும் பம்ப்பின் உறிஞ்சு குழாயில் காற்றுப் புகுந்தால் தண்ணீர் ஏறாது. உடனே சாணியைக் குழைத்து இணைப்பில் அப்புவார்கள். அதே சாணியை வெளியேற்றும் குழாயின் ஓட்டையில் அப்பினால் தண்ணீர் அதைப் பிய்த்து எறிந்துவிடும். உறிஞ்சு குழாயிலோ வளிமண்டலமே சாணியை ஓட்டைக்குள் அழுத்திப் பிடித்துக்கொள்கிறது! ஓட்டுநரின் சவக்காரமும் இப்படித்தான் வேலை செய்தது. சவக்காரம் டீசலில் கரையாது என்பது கூடுதல் வசதி. ஆனால் இது வீடு சேரும் வரையிலான கட்டுத்தான், மருந்தாகாது.

பகலில் நன்றாக ஓடிய வண்டி, இரவு முழுதும் நின்றபின் காலையில் கிளம்ப மறுத்தால், மெக்கானிக் முதலில் இந்த ஓட்டையைச் சந்தேகிப்பார். இரவில் காற்று மெல்ல நுழைய, குழாயிலிருந்த டீசல் தன் எடையால் டாங்குக்கே திரும்பி இறங்கிவிடுகிறது.

வடிகட்டி அடைத்தால்

பிளஞ்சருக்கும் அது ஓடும் உறைக்கும் இடையே உள்ள இடைவெளி இரண்டு அல்லது மூன்று மைக்ரான். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 70 மைக்ரான். அப்படியானால் அந்த இடைவெளியின் நுண்மையை எண்ணிப் பாருங்கள்! மண் துகள் ஒன்று அங்கே நுழைந்தால் பளபளப்பான உலோகத்தைக் கீறிவிடும். ஆகவேதான் வடிகட்டிக்கு இவ்வளவு மதிப்பு. அதன் காகிதத்தில் சில மைக்ரான் அளவுள்ள நுண்துளைகள் கணக்கின்றி இருக்கின்றன.

அந்தத் துளைகளை எவை அடைக்கின்றன? தூசி, டாங்கின் துரு, புனலில் வைத்த பழந்துணியின் நூல் பிசிறு. இவை எல்லாருக்கும் தெரிந்தவை. அதிகம் தெரியாத பகைவன் தண்ணீர். பாதி காலியான டாங்கில் இரவுக் குளிரில் காற்றின் ஈரம் பனியாகப் படிகிறது. தண்ணீர் டீசலைவிட அடர்த்தியானது, அடியில் தங்குகிறது. தண்ணீரும் டீசலும் சந்திக்கும் எல்லையில் நுண்ணுயிர்கள் வளர்ந்து பாசி போன்ற வழவழப்பான கசடை உண்டாக்குகின்றன. அது வடிகட்டியைப் பசை பூசினாற்போல் மூடிவிடும். மாலையிலேயே டாங்கை நிரப்பி வைப்பதும், வடிகட்டியின் அடித்திருகைத் திறந்து தண்ணீரை வடித்துவிடுவதும் இதனால்தான்.

கடுங்குளிர் நாடுகளில் வேறொரு தொல்லை. டீசலில் உள்ள மெழுகு உறைந்து வடிகட்டியை அடைக்கும். வத்தலக்குண்டு வெயிலில் இந்தக் கவலை இல்லை. ஆனால் லடாக்கில் உண்டு. அதற்காகவே இந்தியன் ஆயில் நிறுவனம், சுழிக்குக் கீழ் 33 டிகிரி செல்சியஸ் வரை பாயும் தன்மை இழக்காத குளிர்கால டீசலை 2019இல் அங்கே அறிமுகப்படுத்தியது.

வடிகட்டி படிப்படியாகத்தானே அடைகிறது, எஞ்சின் மட்டும் ஏன் திடீரென்று படுத்துவிடுகிறது? இதற்கு விடை சொல்பவர் எஞ்சினைக் கண்டிராத ஒரு மருத்துவர்! நுண்ணிய நாளங்களில் இரத்தம் எப்படி ஓடுகிறது என்று ஆராய்ந்த புவாசே என்னும் பிரெஞ்சு நாட்டவர், நுண்குழாய் வழியே ஓடும் திரவத்தின் அளவு அதன் ஆரத்தின் நான்காம் படியைப் பொறுத்தது என்று கண்டார். துளையின் விட்டம் பாதியானால் ஓட்டம் பாதியாகாது. 2 × 2 × 2 × 2, அதாவது பதினாறில் ஒரு பங்காகிவிடும். துளை கொஞ்சம் சுருங்கினாலே ஓட்டம் வெகுவாகச் சரிந்துவிடுகிறது.

வடிகட்டி அடைப்பும் காற்றுக் கசிவும் தனித்தனி நோய்கள் என்று நினைத்துவிடாதீர்கள். ஊட்டு பம்ப்புக்கு முன்னால் உள்ள சல்லடை அடைத்துக்கொண்டால், பம்ப் இன்னும் வலுவாக உறிஞ்சும். குழாயில் அழுத்தம் மேலும் தாழும். அதுவரை காற்றுப் புகாமல் இருந்த இணைப்புகூட இப்போது காற்றை உள்ளே விடும். மெக்கானிக் இணைப்பை இறுக்குவார். நோய் தற்காலிகமாக அடங்கும். சல்லடை அப்படியே இருப்பதால் மறுவாரம் வேறோர் இணைப்பில் கிளம்பும்!

மலையேறும்போது ஏன் நின்றது?

காட்ரோடு வரை பறந்த பேருந்து ஏற்றத்தில் மட்டும் ஏன் திணறியது? மூன்று காரணங்கள் உண்டு.

முதலாவது, தேவை. ஏற்றத்தில் எஞ்சினுக்கு முழு டீசலும் வேண்டும். ஓட்டம் இரண்டு மடங்கானால், சல்லடையிலும் வடிகட்டியிலும் இழக்கப்படும் அழுத்தமும் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். சமவெளியில் மறைந்திருந்த அடைப்பு மலையில் வெளிப்படுகிறது.

இரண்டாவது, சாய்வு. டாங்கில் டீசல் குறைவாக இருந்தால், வண்டி சாயும்போது உறிஞ்சு குழாயின் வாய் காற்றில் தெரியக்கூடும்.

மூன்றாவது காரணம் சற்று நுட்பமானது. 'பம்ப் இழுக்கிறது' என்கிறோம். உண்மையில் டீசலை மேலே தள்ளுவது டாங்கிலுள்ள டீசலை அழுத்தும் வளிமண்டலம்தான். 1648இல் பாஸ்கலின் வேண்டுகோள்படி, அவருடைய மைத்துனர் பெரியே பாதரசக் குழாயுடன் பிரான்ஸில் ஒரு மலைமேல் ஏறி, உயரம் கூடக் கூடக் காற்றழுத்தம் குறைவதைக் கண்டார். வத்தலக்குண்டில் காற்றழுத்தம் சுமார் 73 செ.மீ. பாதரசம், கொடைக்கானலில் சுமார் 59 செ.மீ. ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. வடிகட்டியும் குழாயும் சீராக இருந்தால் இந்தக் குறைவு ஒரு பொருட்டல்ல. பாதி அடைத்த சல்லடைக்கு அது மேலும் ஒரு சுமை.

தோட்டத்து எஞ்சினும் ஒரு குளவியும்

டாங்க் எஞ்சினுக்கு மேலே இருந்தால் இந்தத் தொல்லை எதுவும் இல்லையே என்று கேட்பீர்கள். தோட்டத்து ஆயில் எஞ்சின்களில் அப்படித்தான். டீசல் தன் எடையாலேயே இறங்குகிறது. ஆனால் அங்கும் வளிமண்டலத்தின் தயவு வேண்டும். இது என் சித்தப்பாவின் வெற்றிலைத் தோட்டத்தில் நடந்தது.

கொடிக்கால் தண்ணீருக்குத் தவித்த சித்திரை மாதம். எஞ்சின் கிளம்பும், ஐந்தாறு நிமிடத்தில் இழுபட்டு நின்றுவிடும். சற்று ஆறவிட்டால் மறுபடி கிளம்பும்; மறுபடி நிற்கும். வடிகட்டியை மாற்றியாயிற்று. ஏர் எடுத்தாயிற்று. வந்து பார்த்தவர், "பம்ப் போயிருச்சு, கழற்றி திண்டுக்கல்லுக்கு அனுப்பணும்" என்றார். ஒரு வாரமும் சில ஆயிரம் ரூபாயும் ஆகும். ஒரு வாரத்தில் கொடி கருகிவிடும்.

எஞ்சின் நிற்கப்போகும் தறுவாயில் தற்செயலாகச் சித்தப்பா டாங்கின் மூடியைத் திறந்தார். 'உஸ்' என்று காற்று உள்ளே பாய்ந்தது. எஞ்சின் உயிர் பெற்றுச் சீராக ஓடத் தொடங்கியது! மூடியைக் கவிழ்த்துப் பார்த்தோம். காற்று போவதற்கென்று அதில் உள்ள ஊசித்துளையில் ஒரு குளவி மண்கூடு கட்டியிருந்தது.

கணக்கிட்டுப் பார்ப்போம். டாங்கில் 4 லிட்டர் காற்றும் 2 லிட்டர் டீசலும் இருந்தன என்க. டீசல் மட்டம் பம்ப்பைவிட 30 செ.மீ. உயரம். அந்த உயரத்தின் அழுத்தம் 0.025 வளிமண்டலம், அதாவது நாற்பதில் ஒரு பங்கு. டாங்கிலுள்ள காற்றின் அழுத்தம் நாற்பதில் ஒரு பங்கு குறைந்தால் டீசல் தானாக இறங்குவது நின்றுவிடும். பாயில் விதிப்படி, அதற்குக் காற்று தன் பருமனில் நாற்பதில் ஒரு பங்கு விரிந்தால் போதும். 4 லிட்டரில் நாற்பதில் ஒரு பங்கு 100 மில்லி லிட்டர். எஞ்சின் நிமிடத்திற்கு 20 மில்லி லிட்டர் குடிக்கிறது. ஆகவே ஐந்து நிமிடம்! சித்தப்பாவின் கைக்கடிகாரமும் அதையேதான் சொன்னது. ஆறவிட்டபோது மூடியின் ஓரமாகக் காற்று மெல்லக் கசிந்து நுழைந்ததால் எஞ்சின் மறுபடி கிளம்பியது.

கொடிக்காலைக் காப்பாற்றியது ஒரு குண்டூசி.

நோயைக் கண்டுபிடிக்கும் முறை

நல்ல மெக்கானிக் எதையும் உடனே கழற்றுவதில்லை. மலிவானதையும் எளிதானதையும் முதலில் பார்த்து, பாதையைப் பாதி பாதியாகப் பிரித்துச் சந்தேகத்தைக் குறுக்கிக்கொண்டே வருகிறார்.

1. டாங்கில் டீசல் இருக்கிறதா? மூடியின் துளை திறந்திருக்கிறதா?

2. புகையின் நிறம் என்ன? கரும்புகை கக்கி இழுவை குறைந்தால் காற்று வடிகட்டியைப் பாருங்கள். எஞ்சினுக்கு மூச்சு முட்டுகிறது. கரும்புகை இல்லாமலே இழுவை குறைந்தால் அது டீசல் பட்டினியாக இருக்கலாம்.

3. ஏர் எடுக்கும்போது நுரை வருகிறதா? நுரை ஒருமுறை வந்து பிறகு வராவிட்டால், டாங்க் காலியானபோதோ வடிகட்டி மாற்றியபோதோ புகுந்த காற்று அது, கவலை இல்லை. எடுக்க எடுக்க வந்துகொண்டே இருந்தால் எங்கோ ஓட்டை உண்டு. நுரையே இல்லாமல் டீசல் மட்டும் மெலிந்து வந்தால் அடைப்பு.

4. ஊட்டு பம்ப்புக்கு வரும் குழாயைக் கழற்றி, தனியாக ஒரு கேனில் நல்ல டீசலை வைத்து, சிறு குழாய் மூலம் ஊட்டினால் எஞ்சின் நன்றாக ஓடுகிறதா? ஓடினால் குற்றம் டாங்குக்கும் ஊட்டு பம்ப்புக்கும் இடையில். ஓடாவிட்டால் அதற்கு அப்பால். ஒரே சோதனையில் பாதிப் பாதை விடுதலை!

5. சொட்டாத ஓட்டையைச் சொட்டவைக்க வேண்டும். இது நான் ஒரு பட்டறையில் கண்ட அழகான உத்தி. எஞ்சினை நிறுத்திவிட்டு, சந்தேகத்துக்குரிய குழாயின் ஒரு முனையை அடைத்தார் பெரியவர் ஒருவர். மறுமுனையை, மேலே உயரத்தில் தொங்கவிட்ட டீசல் கேனுடன் இணைத்தார். குழாயைத் துணியால் துடைத்துவிட்டு பீடி கிடைக்காத தூரத்துக்கு எல்லாரையும் விரட்டிவிட்டுக் காத்திருந்தார். பத்து நிமிடத்தில் ஒரு வாஷரின் ஓரம் ஈரமாக மின்னியது. ஒரு மீட்டர் உயரம் தந்த 0.08 வளிமண்டல அழுத்தம், உள்ளே இழுத்த ஓட்டையை வெளியே சொட்டும் ஓட்டையாக மாற்றிவிட்டது! புது செம்பு வாஷரின் விலை சில ரூபாய்தான்.

அவர் பாயிலைப் படித்ததில்லை. ஆனால் குழாயின் ஒவ்வோர் இடத்திலும் அழுத்தம் எவ்வளவு இருக்கும் என்பதைக் கண்முன் பார்த்தார். இயற்பியல் என்பது அந்தப் பார்வைதான்.

ஓர் எச்சரிக்கை

இவற்றை எல்லாம் பெரியவர்கள் செய்யும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். தனியாக எஞ்சினைத் தொடாதீர்கள். நாசிலின் தெளிப்புக்கு நேரே கையைக் காட்டக்கூடாது. 200 வளிமண்டல அழுத்தத்தில் சீறும் டீசல் தோலைத் துளைத்துச் சதைக்குள் புகும். காயம் சிறு புள்ளியாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய ஆபத்து அது. 2020 ஏப்ரல் முதல் விற்கப்படும் பி.எஸ்.6 வகை டீசல் பேருந்துகளிலும் கார்களிலும் தெளிப்பு அழுத்தம் 1,500 வளிமண்டலத்துக்கும் மேல் போகும். கணிப்பொறி அதைக் கட்டுப்படுத்துகிறது. அவற்றின் உயர் அழுத்தக் குழாய்களைப் பழைய பழக்கத்தில் தளர்த்திப் பார்ப்பது உயிருக்கே உலை வைக்கும். ஆனால் அவற்றிலும் டீசல் டாங்கிலிருந்துதான் வருகிறது, வடிகட்டியைத் தாண்டித்தான் போகிறது. நோய்களின் இயற்பியல் மாறவில்லை.

செய்து பாருங்கள்

ஓர் உறிஞ்சு குழலின் நடுவில் ஊசியால் துளையிடுங்கள். துளை தண்ணீருக்கு மேலே இருக்கும்படி வைத்து உறிஞ்சுங்கள். தண்ணீருடன் காற்றும் வரும். துளையில் ஒரு சொட்டும் கசியாது. பிறகு வாயில் தண்ணீரை நிரப்பி அதே குழல் வழியே ஊதுங்கள். துளையிலிருந்து தண்ணீர் பீச்சும்! ஓட்டை ஒன்றே, அழுத்தம்தான் மாறியது.

ஊசியில்லாத பீச்சாங்குழலில் தண்ணீரை நிரப்பி, முனையை விரலால் அடைத்து அழுத்துங்கள். அசையாது. பாதிக்குக் காற்றை விட்டு மறுபடி அழுத்துங்கள். உள்ளே போய்த் திரும்பி வரும். பிளஞ்சரின் தவிப்பை உங்கள் விரலே உணரும்.

சிந்தித்து விடை கூறுங்கள்

1. வளிமண்டல அழுத்தம் 76 செ.மீ. பாதரசமாக இருக்கும் இடத்தில், எவ்வளவு வலிமையான பம்ப்பாக இருந்தாலும் டீசலைச் சுமார் 12.4 மீட்டருக்கு மேல் உறிஞ்சி ஏற்ற முடியாது. ஏன்? கொடைக்கானலில் இந்த உயரம் எவ்வளவு? பாதரசம் டீசலைவிட 16.4 மடங்கு அடர்த்தியானது.

2. சித்தப்பாவின் டாங்கில் காற்று 1 லிட்டர், டீசல் 5 லிட்டர் என்று இருந்து, மட்டமும் மற்றவையும் அப்படியே இருந்தால், எஞ்சின் எத்தனை நிமிடத்தில் நின்றிருக்கும்?

3. உங்கள் ஊர்ப் பட்டறைக்குச் சென்று, மெக்கானிக் அண்ணனிடம் அவர் சந்தித்த சொட்டாத ஓட்டை ஒன்றைப் பற்றிக் கேட்டு எழுதி வாருங்கள். பாடப் புத்தகத்தின் எந்தப் பக்கம் அதை விளக்குகிறது என்று வகுப்பில் தேடிப் பாருங்கள்.